காரை வாசலில் விட்டுப் போகும் காடுகள்: கோவையைச் சுற்றி ஆறு தேசியப் பூங்காக்கள், ஒரு தரவரிசை

கோவையில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. காலையில் இட்லியை முடித்துக்கொண்டு காரை எடுத்தால், மூன்று மாநிலங்களைச் சேர்ந்த ஆறு தேசியப் பூங்காக்களில் எதன் வாசலுக்கும் இருட்டுவதற்குள் போய்விடலாம். கடந்த இரண்டு ஆண்டுகளில் மூன்று தவணைகளாக இந்த ஆறையும் சுற்றி வந்தோம். வண்டி சாதாரணச் சிறிய கார். உடன் வந்தவர்கள் மனைவியும், பதினொரு வயது மகனும், இரண்டு பயணங்களில் எழுபதைத் தாண்டிய அப்பாவும். ஒவ்வொரு முறை திரும்பியபோதும் நண்பர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எதற்குப் போவது, எதை விடுவது? அதற்கான பதிலாக இதை எழுதுகிறேன்.

என் வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலிடம் சைலண்ட் வேலி, இரண்டாவது நாகரஹொளே, அதிலும் கபினிப் பக்கம், மூன்றாவது இரவிகுளம், நான்காவது முதுமலை, ஐந்தாவது ஆனைமலை, அதாவது டாப்சிலிப், கடைசி இடம் பந்திப்பூர். முக்குருத்தியும் தேசியப் பூங்காதான் என்றாலும், அது சாதாரணச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்ட காடு இல்லை என்பதால் சேர்க்கவில்லை.

புலி தென்பட்டதா என்பதை நான் அளவுகோலாக வைத்துக்கொள்ளவில்லை. புலி தென்படுவது அவரவர் அதிர்ஷ்டம். அதை வைத்துக் காட்டுக்கு மதிப்பெண் போடுவது, மழை பெய்ததா இல்லையா என்று பார்த்துக் கோயிலுக்கு மதிப்பெண் போடுவதைப் போன்றது. உள்ளே எவ்வளவு நேரம் இருக்க விடுகிறார்கள், அந்த நேரத்தில் பார்ப்பது உண்மையிலேயே காடுதானா, அங்கே போய்ச் சேரும் சாலை எப்படி, வயதானவரையும் சிறுவனையும் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்பவற்றையே கணக்கில் எடுத்துக்கொண்டேன். அப்படிப் பார்த்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. நம் காரை வாசலிலேயே நிறுத்தச் சொல்லிவிடும் காடுகள் மேலே வந்தன. காரோடு நடுவே புகுந்து போக முடிகிற காடுகள் கீழே இறங்கின. கார்ப் பயணத்துக்கான தரவரிசையில் இப்படி ஒரு முடிவு வருவது வேடிக்கைதான்.

சைலண்ட் வேலிக்குக் கோவையிலிருந்து ஆனைகட்டி, அகளி வழியாகப் போக வேண்டும். முக்காலி என்ற சிற்றூர் வரைக்கும் 70 கி.மீ.க்குள்தான் வரும். ஆனைகட்டியைத் தாண்டியதும் அட்டப்பாடி தொடங்கிவிடுகிறது. கடைப் பலகைகளில் மலையாளமும் பேச்சில் பாதித் தமிழும் கலந்திருக்கும் ஊர்கள் அவை. முக்காலியில் வனத்துறை அலுவலகத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு, நம் காரை அங்கேயே நிறுத்திவிட்டு, உள்ளூர்க்காரர்கள் ஓட்டும் ஜீப்பில் வழிகாட்டி ஒருவருடன் ஏற வேண்டும். அங்கிருந்து சைரந்திரி வரை 23 கி.மீ.; சாலை மோசம் என்பதால் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. முதுகுவலி உள்ளவர்கள் இதைப் படித்ததும் பின்வாங்கலாம். என் அப்பாவுக்கும் முதுகுவலி உண்டு. ஆனால் இறங்கும்போது அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

பேசாததற்குக் காரணம் இருந்தது. பாதி வழியில் வழிகாட்டி ஜீப்பை நிறுத்தச் சொல்லி, இன்ஜினையும் அணைக்கச் சொன்னார். "மேல பாருங்க, சத்தம் வேண்டாம்" என்றார். வெடிப்பலா மரத்தின் தண்டோடு ஒட்டிக் காய்த்திருந்த முள்ளுக் காய்களுக்கிடையே ஒரு சோலைமந்தி உட்கார்ந்திருந்தது. கரிய உடல், முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, நுனியில் சிறு குஞ்சம் கட்டிய வால். காயை இரண்டு கைகளாலும் பிடித்து, முள்ளைப் பொருட்படுத்தாமல் பல்லால் பிளந்து, விதையை எடுத்துக்கொண்டு தோலைக் கீழே போட்டது. அந்தத் தோல் ஜீப்பின் மூடியில் 'டப்' என்று விழுந்த ஓசைதான் அந்தப் பத்து நிமிடங்களில் நாங்கள் கேட்ட பெரிய ஓசை. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத விலங்கு அது; வெடிப்பலா நிற்கிற பழைய மழைக்காடு இருந்தால்தான் அதற்கும் வாழ்வு.

சைரந்திரியில் ஏறத்தாழ 30 மீட்டர் உயரமுள்ள இரும்புக் கண்காணிப்புக் கோபுரம் ஒன்று இருக்கிறது. காற்றடித்தால் லேசாக ஆடுகிறது. என் மனைவி பாதியிலேயே இறங்கிவிட்டார். உச்சியில் நின்றால் நாற்புறமும் மரத்தலைகள் மட்டுமே தெரிகின்றன. ஒரு கூரையோ கம்பமோ கண்ணில் படுவதில்லை. கீழே பள்ளத்தில் குந்திப்புழை ஓடுகிறது. விராட நகரில் பாஞ்சாலி பூண்ட பெயர் சைரந்திரி. ஆற்றுக்குப் பாண்டவர்களின் தாய் பெயர். சைரந்திரி என்பதே ஆங்கிலேயர் வாயில் சைலண்ட் வேலி ஆகிவிட்டது என்பாரும் உண்டு. சில்வண்டு இரைச்சல் இல்லாததால் வந்த பெயர் என்பாரும் உண்டு. நாங்கள் போன அன்று சில்வண்டுகள் நன்றாகவே இரைந்துகொண்டிருந்தன.

இந்தப் பகுதியில்தான் நீர்மின் திட்டத்துக்காக அணை கட்ட 1970களில் முயன்றார்கள். மக்களிடையே அறிவியலைப் பரப்பும் அமைப்பான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும், சுகதகுமாரி போன்ற கவிஞர்களும், பறவையியலாளர் சலீம் அலியும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அப்போது மத்திய வேளாண் துறைச் செயலாளராக இருந்த நம் எம். எஸ். சுவாமிநாதனும் இக்காட்டை அப்படியே காக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். இறுதியில் திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் 89.52 ச.கி.மீ. பரப்பு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு கோபுரத்தில் ஏறினால் அந்தப் பள்ளம் வேறு மாதிரித் தெரிகிறது. அணை எழுந்திருந்தால் நாம் பார்த்துக்கொண்டிருக்கும் ஆற்றின் இடத்தில் நீர்த்தேக்கம் இருந்திருக்கும். குறை என்றால் இரண்டு சொல்லலாம். தங்கும் வசதி குறைவு. மழைக்காலத்தில் அட்டைகள் காலுறைக்குள்ளும் புகுந்துவிடும். உப்பும் மூக்குப்பொடியும் எடுத்துப் போவது நல்லது.

கர்நாடகத்தின் நாகரஹொளே முற்றிலும் வேறு வகை. 643 ச.கி.மீ. பரப்புள்ள இந்தக் காட்டுக்குக் குடகுப் பக்கம் ஒரு வாசலும், கபினிப் பக்கம் அந்தரசந்தெ அருகே தம்மனகட்டெயில் ஒரு வாசலும் உண்டு. முதல் முறை போகிறவர்கள் கபினிப் பக்கத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். வயநாட்டில் பிறந்து திருமக்கூடலு நரசிப்புரத்தில் காவிரியோடு கலக்கும் ஆறு கபினி. மேட்டூரில் நாம் பார்க்கும் தண்ணீரில் இதற்கும் பங்குண்டு. 1974இல் கட்டி முடிக்கப்பட்ட அணையின் நீர்ப்பரப்பு கோடையில் சுருங்கும்போது, வெளிப்படும் சேற்று நிலத்தில் புல் முளைக்கிறது. அந்தப் பசும்புல்லைத் தேடி மார்ச் முதல் மே வரை யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்கி வருகின்றன. ஒரு காலத்தில் இதே காக்கனகோட்டைக் காட்டில்தான் மைசூர் மன்னர்கள் கெட்டா முறையில் யானைகளை வளைத்து ஆற்றில் இறக்கிப் பிடித்தார்கள். கடைசிக் கெட்டா 1971இல் நடந்தது. இன்று யானைகள் தாமாகவே வருகின்றன, நாம் தள்ளி நின்று பார்க்கிறோம்.

நாங்கள் ஏப்ரல் மாலையொன்றில் வனத்துறைப் பேருந்தில் போனோம். கரையில் முப்பதுக்கும் மேற்பட்ட யானைகளை எண்ணிய மகன், ஒரு குட்டி தன் தாயின் முன்னங்கால்களுக்கு நடுவே நுழைந்து நின்று தும்பிக்கையைச் சுழற்றத் தெரியாமல் வாயாலேயே தண்ணீர் குடித்ததைப் பார்த்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டான். கருஞ்சிறுத்தையைத் தேடி வந்திருந்த படப்பிடிப்பாளர்களோ யானைகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கபினியின் கருஞ்சிறுத்தை அவ்வளவு புகழ் பெற்றுவிட்டது. இதை இரண்டாமிடத்தில் வைத்ததற்குக் காரணம் பணம்தான். ஆற்றங்கரை விடுதிகளின் ஓர் இரவு வாடகையில் மற்ற ஐந்து பூங்காக்களையும் சுற்றி வந்துவிடலாம். அந்தரசந்தெ அல்லது எச்.டி. கோட்டையில் எளிய அறை எடுத்துக்கொண்டு வனத்துறைப் பேருந்தில் போவதே நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற வழி. பெரிய லென்ஸ் பொருத்திய கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதையும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூணாறு அருகே இருக்கும் இரவிகுளத்துக்குப் போகும் சாலைக்கே தனி மதிப்பெண் தர வேண்டும். உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக ஏறும்போது, முதலில் மழை மறைவுப் பகுதியின் முட்காடு. அங்கே ஆற்றோர மரங்களில் சாம்பல் நிற அணில்கள் உண்டு. பிறகு மறையூரின் சந்தன மரங்கள், வேலியிட்டுக் காவல் காக்கப்படும் காடு. அதற்கு மேலே தேயிலை. ஒரே காலைப்பொழுதில் வேர்வை, பிறகு ஸ்வெட்டர். பூங்காவின் பரப்பு 97 ச.கி.மீ.; நம்மை விடுவது ராஜமலை என்ற ஒரு மூலையில் மட்டும். வாசலில் காரை நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில் ஏறி, மேலே தார்ச்சாலையில் ஒன்றரை கிலோமீட்டர் போல நடந்துவிட்டுத் திரும்ப வேண்டும். எதிரே 2,695 மீட்டர் உயர ஆனைமுடி. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரம்.

வரையாடு இங்கே ஏறத்தாழ எண்ணூறு இருக்கின்றன. தமிழ்நாட்டின் மாநில விலங்கை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கக் கேரளாவுக்குப் போக வேண்டியிருக்கிறது என்று அப்பா சொல்லிச் சிரித்தார். சங்கப் பாடல்களில் 'வருடை' என்று வரும் இந்த விலங்கு, எங்களுக்கு மூன்றடி தூரத்தில், சாலையோரக் கைப்பிடிச் சுவரில் கசிந்திருந்த ஈரத்தை நக்கிக்கொண்டிருந்தது. அதன் குளம்புகளை அப்போதுதான் கவனித்தேன். ஓரம் கடினமாக, நடு மெத்தென்று இருந்த அந்தக் குளம்பு, செங்குத்துப் பாறையில் ரப்பரைப் போலப் பற்றிக்கொள்கிறது. நீலக்குறிஞ்சி பூக்கும் ஆண்டில் போக விரும்புகிறவர்கள் 2030 வரை காத்திருக்க வேண்டும். கடைசியாகப் பூத்தது 2018இல். குறை கூட்டம்தான். விடுமுறை நாளில் பேருந்து வரிசையில் நிற்கும் நேரம், மேலே இருக்கும் நேரத்தைவிட நீண்டுவிடுகிறது. வரையாடு குட்டி போடும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவை மூடிவிடுவார்கள்; இது தெரியாமல் மூணாறு வரை போய்த் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

முதுமலையைப் பற்றி நியாயமாக எழுதுவதுதான் கடினம்; அது எங்களுக்குப் பழகிய காடு. 1940இல் சரணாலயமாகி, 2007இல் புலிகள் காப்பகமானது. காப்பகத்தின் மையப் பகுதி 321 ச.கி.மீ. ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்கி மைசூர் போகும் நெடுஞ்சாலை இதன் நடுவே ஓடுகிறது. காசு கொடுக்காமலேயே கார்க் கண்ணாடி வழியாகப் புள்ளிமான், மயில், சில நாள் காட்டெருமை, நல்ல நாளாக இருந்தால் யானை என எல்லாம் தென்படும். அதுவே இதன் பலம், அதுவே பலவீனம். மானைக் கண்டதும் நடுச்சாலையில் கார்கள் நிற்கின்றன. பிஸ்கட் பொட்டலங்கள் கைமாறுகின்றன. பின்னால் வரும் லாரி ஹாரன் அடிக்கிறது. இறங்கினாலோ உணவு கொடுத்தாலோ அபராதம் என்ற பலகைக்கு அடியிலேயே இது நடக்கிறது.

தெப்பக்காடு யானைகள் முகாமை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது. காலையிலும் மாலையிலும் உணவு கொடுக்கும் நேரத்தில் போக வேண்டும். ஒவ்வொரு யானைக்கும் என்ன உணவு, எவ்வளவு அளவு என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். ராகி, கொள்ளு, அரிசி ஆகியவற்றை வேகவைத்து, வெல்லமும் உப்பும் தாதுக் கலவையும் சேர்த்துப் பிசைந்து, பெரிய பெரிய உருண்டைகளாகப் பிடித்து, பாகன் அதை நேரே யானையின் வாய்க்குள் வைக்கிறார். வயதான ஒரு யானைக்கு உருண்டையைச் சிறியதாகப் பிட்டுப் பிட்டுக் கொடுத்த காவடி (பாகனின் உதவியாளர்) ஒருவர், ஒவ்வொரு பிடியையும் வைத்துவிட்டு அது மெல்லும் வரை காத்திருந்தார். வீட்டில் பாட்டிக்குச் சோறு ஊட்டுவதைப் போல இருக்கிறது என்றான் மகன்.

முதுமலையை ஒட்டிய மசினகுடியில் எங்களுக்கு ஒரு கசப்பு நேர்ந்தது. நாங்கள் தங்கிய விடுதியில் முன்பதிவின்போதே "இரவு சஃபாரி உண்டு" என்று சொல்லியிருந்தார்கள். இரவு எட்டு மணிக்கு ஒரு ஜீப் வந்தது. கையில் வைத்துச் சுழற்றும் பெரிய விளக்கு, இருவருக்கான இடத்தில் நான்கு பேர். அது சஃபாரியே இல்லை, தனியார் எஸ்டேட்களை ஒட்டிய ஊர்ச் சாலையில் விளக்கடித்து மானை மிரட்டுவதுதான் என்பது கிளம்பிய ஐந்தாவது நிமிடத்தில் புரிந்தது. இறங்கிக்கொண்டோம், பணம் திரும்பி வரவில்லை. காப்பகத்துக்குள் இரவு சஃபாரி என்று ஒன்று கிடையாது என்பதை முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டியது என் பொறுப்பு. சஃபாரிச் சீட்டை வனத்துறை மூலமாக மட்டும் எடுங்கள்.

ஆனைமலைப் பூங்காவுக்குப் பொள்ளாச்சி, சேத்துமடை வழியாக டாப்சிலிப் போக வேண்டும். மலை உச்சியிலிருந்து வெட்டிய மரங்களைக் கீழே சரியவிட்டதால் வந்த பெயர் என்கிறார்கள். வெட்டித் தீர்த்த தேக்குக் காட்டை மீட்டவர் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி. பையில் விதைகளோடு நடந்து, கைத்தடியால் குழி குத்திப் போட்டுக்கொண்டே போவார் என்று இன்றும் சொல்கிறார்கள். அவரது கல்லறை டாப்சிலிப்பிலேயே மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. அங்கே நின்றபோது மனம் நிறைந்தது. ஆனாலும் சுற்றுலாப் பயணிக்கு வேன் சவாரியில் காட்டப்படும் பெரும்பகுதி அந்தத் தேக்கு வரிசைகள்தான், மழைக்காடு அல்ல. கோழிகமுத்தி யானை முகாம் நன்று. ஆனால் தெப்பக்காட்டைப் பார்த்துவிட்டு வருகிறவருக்குப் புதுமை குறைவு. இதே மலையின் உண்மையான முகத்தைப் பார்க்க, ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வால்பாறைக்குப் போகலாம். வளைவுகளில் வரையாடும், ஊரோரத் தோட்டங்களில் சோலைமந்தியும் தென்படுகின்றன.

பந்திப்பூரைக் கடைசியில் வைத்ததற்குச் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். 1973இல் புலித் திட்டம் தொடங்கியபோது தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஒன்பது காடுகளில் இதுவும் ஒன்று. இன்றும் புலிகள் செறிந்த காடு. காட்டில் குறையில்லை, காட்டுகிற முறையில்தான் குறை. இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் உள்ளே ஓடுகின்றன. குறுகிய பேருந்துச் சவாரியில் உண்ணிச்செடிப் புதர்களையே அதிகம் பார்த்தோம். சற்றுத் தள்ளியுள்ள கோபாலசுவாமி பெட்டா என்ற குன்று இதைவிட மேல். அங்கும் காரை அடிவாரத்தில் விட்டுவிட்டுப் பேருந்தில்தான் ஏற வேண்டும் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரே பயணமாக முடிக்க நினைப்பவர்கள் டிசம்பரையோ ஜனவரியையோ தேர்ந்தெடுப்பது நல்லது. பிப்ரவரியில் இரவிகுளம் மூடிவிடும். மார்ச்சில் முதுமலையும் பந்திப்பூரும் காய்ந்து தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். கபினியின் யானைக் கூட்டத்தை மட்டும் இதில் இழக்க நேரும். நீலகிரிக்கு இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். முதுமலை, பந்திப்பூர் வழிச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும். கபினி வழியாக மானந்தவாடி போகும் சாலை மாலை 6 மணிக்கே மூடிவிடும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டியின் 36 வளைவுகளில் இறங்க வெளியூர் வண்டிகளை விடுவதில்லை. கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். காட்டுத்தீ, கனமழை, ஊருக்குள் விலங்கு வந்த சம்பவம் என எதற்காக வேண்டுமானாலும் சஃபாரியை நிறுத்திவிடுவார்கள் என்பதால் முதல் நாள் மாலை கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் சைலண்ட் வேலிக்குப் போங்கள். ஜீப்புகள் எண்ணிக்கையில் குறைவு. வரிசையில் முந்த வேண்டுமானால் காலை எட்டுக்கு முன் முக்காலியில் இருக்க வேண்டும், அதற்குக் கோவையை ஐந்தே முக்காலுக்கு விட வேண்டும்.